டிசம்பர் இருபதுக்கு முன்

சென்னை,
10 அக்டோபர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

ரேணு எழுதுவது. கடைக்குப் போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறாள். "உங்கக்கா தறியில இருக்குது" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நிதானமாகப் படி. நல்ல செய்தி.

போன வாரம் எங்கள் பெண்கள் சங்கத்திலிருந்து சிலர் டெல்லிக்குப் போயிருந்தோம். இந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே வாரிசுரிமை மசோதா வந்துவிடும் என்று அங்கே ஓர் அதிகாரி சொன்னார். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒரே பங்கு. நாடு முழுக்க.

நம் ஊரில்தான் அது எப்போதோ வந்துவிட்டதே என்று நீ கேட்பாய். எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. 1989 மார்ச்சில் நம் மாநிலத்தில் சட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு கிடையாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். உன் கல்யாணம் அந்த வருஷம் தை மாதம். இரண்டு மாதம் முந்திக் கழுத்தை நீட்டியதால் பிறந்த வீட்டுக்கு நீ யாரோ ஆகிவிட்டாய். சட்டக் கல்லூரியில் அந்த வரியைப் படித்த அன்று நான் வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். இத்தனை வருஷமாக நான் மனு எழுதுவதும், எம்.எல்.ஏ., எம்.பி. வீட்டு வாசல்களில் நிற்பதும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

போளூரில் மாமா வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தபின் நீ காவ்யாவைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாய். அன்றிலிருந்து பின்கட்டு அறையில் இருக்கிறாய். நீ நெய்த சேலைகளைத்தான் அண்ணன் கடையில் வைத்து விற்கிறான். ஆனாலும் அந்த அறை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததாகவே இருந்துவருகிறது. இனி அது உன் இடம்.

என் கல்யாணத்தின்போது என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். உன்னை அவன் கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கைதான். இனி யாரும் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டாம். அவனிடம் சொல், சந்தோஷப்படுவான்.

உன் தங்கை,
ரேணு


ஆரணி,
2 நவம்பர் 2004

அன்புள்ள ரேணுவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

இங்கு நான், காவ்யா, நைனா, தம்பி வீட்டார் எல்லாரும் நலம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். காவ்யாவையும் படிக்கச் சொன்னேன். "அம்மா, சித்தி பெரிய ஆளும்மா" என்றாள்.

தம்பியிடம் சொல் என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். எனக்குச் சட்டம் பேசவா வரும்? "நம்ம ரேணு எழுதிகிறா. எனக்கும் பங்கு வருதாம் தம்பி" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. அப்புறம், "அப்படியாக்கா? நல்லதுதான்" என்றான். அப்பளம் எடுத்து வர உள்ளே போன உன் அண்ணி கீதா திரும்பி வரவே இல்லை. நைனா மட்டும், "எப்ப வருமாம்?" என்றார்.

"குளிர்காலத்துலயாம் நைனா."

"இன்னும் நாள் கெடக்குது" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. நீ நினைத்ததுபோல யாரும் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. புதிதாகக் கேட்கிறார்கள் அல்லவா, போகப் போகச் சரியாகும்.

உன்னிடம் சொல்ல என்ன? எனக்குத்தான் ஆசை வந்துவிட்டது. என் அறைக்குப் பின்பக்கம் தனியாக ஒரு வாசல் வைக்க வேண்டும். சின்னக்கண்ணு மேஸ்திரி எதிரே வந்தபோது சும்மா கேட்டுப் பார்த்தேன். "தாராளமா வெக்கலாம், நல்ல செவுரு" என்றார். காவ்யாவைத் தேடி அவளோடு படிக்கிற பெண்கள் வந்தால் கீதாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளே வருகிறார்கள். பின்னால் வாசல் இருந்தால் நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். நானும் காப்பி போட்டுத் தருவேன். இவ்வளவுதான் என் ஆசை. இதற்கு டெல்லிவரை போக வேண்டுமா என்று நீ சிரிக்காதே.

தீபாவளிக்கு வருகிறாயா? உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


சென்னை,
9 ஜனவரி 2005

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு வர முடியவில்லை. அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபமா?

மசோதா டிசம்பர் இருபதாம் தேதி வந்துவிட்டது. ஆனால் அதைப் படித்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதே வரியை அப்படியே திரும்ப எழுதியிருக்கிறார்கள். சட்டம் அமலுக்கு வருமுன் கல்யாணமான மகளுக்கு இது பொருந்தாதாம். அதாவது நாடு முழுக்க உன்னைப் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் முடிந்துவிடவில்லை. மசோதாவை நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழு எங்களைப் போன்ற சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்கும். அங்கே புள்ளிவிவரத்தைவிட ஒரு பெண்ணின் வாழ்க்கை எடுபடும். உன் கதையைச் சொல்லட்டுமா? நீ சரி என்றால்தான் சொல்வேன்.

இன்னொன்று. மசோதா வந்த செய்தி பேப்பரில் வந்ததும் பல ஊர்களில் அண்ணன் தம்பிகள் ஜல்தி ஜல்தியாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொள்கிறார்கள். சட்டம் வருவதற்குள் சொத்தைப் பிரித்துவிட்டால் பெண்ணுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காதே! தினமும் சங்கத்துக்கு வந்து அழுகிறார்கள். நம் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்காது. ஆனாலும் காதில் போட்டு வைக்கிறேன்.

உடனே எழுது.

ரேணு


ஆரணி,
14 பிப்ரவரி 2005

அன்புள்ள ரேணுவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் நைனாவும் தம்பியும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே வெளியே போனார்கள். திரும்பி வரும்போது ஒரு டப்பா மைசூர்பாகு. கீதா காவ்யா கையில் ஒரு துண்டு வைத்து, "சாப்புடு. இனிமே உங்கம்மாவுக்குக் கோர்ட்டு கச்சேரின்னு அலையற பேஜார் இல்ல" என்றாள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. உன் கடிதத்தில் பத்திரம் என்று படித்ததும் விளங்கிவிட்டது.

கடையடைத்து வந்ததும் தம்பியைக் கேட்டேன்.

"பத்திரம் எழுதிட்டீங்களா தம்பி?"

மறைக்கவில்லை. "ஆமாக்கா. நானும் நைனாவும் பிரிச்சிக்கினோம். நைனா அவரு பாகத்த வெற்றி பேருக்கு எழுதிட்டாரு." வெற்றிச்செல்வனுக்கு ஆறு வயது. அவன் பெயரில் வீட்டின் பாதி.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"சொன்னா நீ ரேணுவுக்கு எழுதுவ. அவ ஊரெல்லாம் பேசுவா." அப்புறம் கத்தினான். "உனக்கு இங்க இன்னாக்கா கொறச்சல்? நான் சோறு போடலையா? உன் பொண்ண படிக்க வெக்கலையா? பங்குன்னு வாயத் தொறந்த பாரு, அன்னியிலருந்து நான் உனக்குத் தம்பி இல்ல. எதிராளி."

நான் பங்கு கேட்கவே இல்லை ரேணு. வருதாம் என்று சொன்னேன். வீட்டில் ஒரு நல்ல சேதி சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அம்மா போனபோது அவன் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். நீ கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுக்கு நான் தலை வாரிவிடுவேன். வலிக்கிறது என்று என் கையைக் கிள்ளுவான். இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். கீதா எனக்குத் தனி அடுப்பு வைத்துவிட்டாள். தறிக்குப் பாவு நூல் தருவதையும் நிறுத்திவிட்டார்கள். முள்ளிப்பட்டு ஜெயவேலிடம் கூலிக்கு நெய்யக் கேட்டிருக்கிறேன்.

என் கதையைச் சொல்லிக்கொள். தம்பி பெயரையோ கடைப் பெயரையோ சொல்லாதே. அவனும் பிழைக்க வேண்டும். கோபத்தில் கிளம்பி இங்கே வந்துவிடாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா


முள்ளிப்பட்டு,
20 மார்ச் 2005

ரேணுவுக்கு,

வராதே என்று எழுதினேன். வந்தாய்.

கடையில் நான்கு பேர் சேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, பத்திர நகலை மேஜைமேல் எறிந்து, "திருட்டுப் பத்திரம்" என்று உன் அண்ணனைப் பார்த்துக் கத்தினாயாம். நைனாவையும் விடவில்லை. "பெத்த பொண்ண ஏமாத்தினவருக்குச் சோறு எப்படி எறங்குது?" என்று கேட்டாயாம். அவர், "சீரு செஞ்சி அனுப்பினேன். அதான் அவ பங்கு" என்றாராம். எல்லாவற்றையும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ வந்தபோது நான் பாவு வாங்க முள்ளிப்பட்டுக்குப் போயிருந்தேன்.

நீ கேட்டது எல்லாம் நியாயம்தான். நானே கேட்க நினைத்ததுதான். ஆனால் கேட்டு முடித்ததும் உனக்குச் சென்னைக்கு பஸ் இருந்தது. எனக்கு அந்த வீட்டுக்குள்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஜெயவேல் தன் வீட்டுப் பக்கத்தில் ஓர் அறையும் தறியும் கொடுத்தார். சாமான்களை மினி லாரியில் ஏற்றியது யார் தெரியுமா? தம்பிதான். கண்ணாடிப் பாத்திரம் உடையாமல் ஒவ்வொன்றையும் பழந்துணியில் சுற்றி வைத்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொண்டே ஏற்றினான். "போதும்டா, போகாதக்கான்னு ஒரு வார்த்த சொல்லுடா" என்று என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நைனா அறையைவிட்டு வெளியே வரவில்லை.

காவ்யாவுக்குப் பத்தாவது பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துக்கொண்டு போகிறாள்.

குணசுந்தரி


சென்னை,
17 ஏப்ரல் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வந்தது தப்பா சரியா என்று உன்னோடு வழக்காட இந்தக் கடிதம் எழுதவில்லை. வேறொன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். மற்றவர் சொல்லி நீ கேட்கக் கூடாது.

டெல்லியில் குழுவின் முன்னால் பேசிவிட்டு வந்தேன். அதற்கு முந்தின நாள் பல மாநிலப் பெண்கள் உட்கார்ந்து என்ன கேட்பது என்று பேசினோம். கல்யாணமான மகள்கள் எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. பழைய பாகப்பிரிவினைகளை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். எல்லாப் பத்திரத்தையும் திறக்க வேண்டும் என்றேன் நான். "அப்படிக் கேட்டால் மசோதாவையே கிடப்பில் போட்டுவிடுவார்கள்" என்றார் ஒரு மூத்த வக்கீல் அம்மா. கடைசியில் ஒரு தேதிக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மசோதா வந்த டிசம்பர் இருபது. அதற்கப்புறம் அவசரமாக எழுதிக்கொண்ட பத்திரம் எதுவும் செல்லாது. அதற்கு முன் பதிவானதை விட்டுவிடுவது.

அக்கா, நம் வீட்டுப் பத்திரம் நவம்பரில் பதிவானது.

மசோதா வரப்போகிறது என்று பேப்பரில் படிக்குமுன்பே தெரிந்த வீடு எது? நான் முன்கூட்டியே கடிதம் எழுதிச் சொன்ன நம் வீடுதான்.

தமிழ்நாட்டின் அனுபவத்தைச் சொல்ல வேண்டியவள் நான் என்று முடிவு செய்திருந்தார்கள். போனேன். உன் கதையைச் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. தை மாதக் கல்யாணம் என்றதும் ஓர் உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்னொருவர், "பழைய பாகப்பிரிவினைகளையும் கிளறச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தத் தேதியை நவம்பர் ஒன்று என்று கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நவம்பருக்கு என்ன காரணம் சொல்வேன்? என் அக்கா என்றா?

"இல்லை. டிசம்பர் இருபதுக்கு முன் பதிவானதைக் கிளற வேண்டாம்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அந்தத் தேதியில்லாமல் போயிருந்தால் இப்போது தினமும் பதிவாகிக்கொண்டிருக்கும் அத்தனை பத்திரமும் செல்லுபடியாகிவிடும். எத்தனை பெண்கள் தெருவுக்கு வருவார்கள் என்று உனக்குத் தெரியும். இதை நான் உனக்குச் சமாதானமாக எழுதவில்லை. எனக்கே இது சமாதானமாக இல்லை.

திட்டி எழுது. ஆனால் எழுது.

ரேணு


சென்னை,
12 செப்டம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு கடிதம் போட்டும் நீ பதில் எழுதவில்லை. ஜூனில் முள்ளிப்பட்டுக்கு வந்தேன். தறியில் நெய்து பாதியில் விட்ட சேலை அப்படியே இருந்தது. நீ இல்லை. "அம்மா ஜெயவேல் மாமா வீட்டுக்குள்ள போயிட்டாங்க சித்தி. நீங்க போனப்புறம்தான் வருவாங்க" என்று காவ்யா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் கிளம்பிவிட்டேன்.

சட்டம் வந்துவிட்டது. கல்யாணமான மகள்களை ஒதுக்கிய வரி போய்விட்டது. நம் மாநிலத்தில் 1989க்கு முன் மணமான பெண்களுக்கும் இனிப் பங்கு உண்டு. டிசம்பர் இருபது என்ற தேதியும் நாங்கள் கேட்டபடியே இருக்கிறது.

சங்கத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு யாரும் பார்க்காதபோது மேஜைமேல் வைத்துவிட்டேன்.

உன்னிடம் மறைத்துச் செய்த பத்திரம் என்று வழக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெயிப்பது கஷ்டம். ஆனாலும் நானே வந்து நடத்துகிறேன். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ரேணு


முள்ளிப்பட்டு,
5 ஜனவரி 2006

ரேணுவுக்கு,

நம் எதிர்வீட்டுப் பாஞ்சாலையை உனக்கு நினைவிருக்கும். தேவிகாபுரத்தில் கொடுத்தார்களே, எனக்கு முந்தின வருஷம் கல்யாணமானவள். வீட்டுக்காரர் போனபின் பிள்ளைகளோடு ஆரணிக்கே வந்துவிட்டாள். அவள் அண்ணன்மார் இருவரும் போன வருஷம் பொங்கல் கழித்துப் பத்திரம் பதிந்து அவளை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். ஐப்பசியில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனாள். அவர் பத்திரத்தின் தேதியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஜனவரியா? செல்லாதும்மா. டிசம்பர் இருபதுக்கு அப்புறம் எழுதினது எதுவும் உங்களக் கட்டாது" என்றார். பாஞ்சாலைக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சார் அந்தத் தேதிய வெச்சது? அவங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

நோட்டீஸ் போனதும் அண்ணன்மார் வழிக்கு வந்துவிட்டார்கள். முன்கட்டில் ஒரு பகுதி அவளுக்கு. கார்த்திகையில் குடிபோன அன்று பால் காய்ச்சினாள். எனக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தாள். எதிரில் நம் வீடு. நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்தார். கூப்பிடுவாரோ என்று நின்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

வழக்கெல்லாம் வேண்டாம். தம்பியைக் கூண்டில் ஏற்றி நான் எதிரில் நிற்க மாட்டேன். அந்த வீடும் இனி எனக்கு வேண்டாம்.

நீ அங்கே கேட்டது சரி. பாஞ்சாலை வீட்டுப் பாலைக் குடித்தபோது எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. நான் உன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் ரேணு, டெல்லிக்கு ரயில் ஏறுமுன் முள்ளிப்பட்டுக்கு பஸ் இருந்தது. அங்கேயே முடிவானது என்றால், அங்கிருந்து ஜெயவேல் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நம்பர் காவ்யா உனக்குக் கொடுத்திருந்தாள். "அக்கா, உன்னை விட்டுவிட்டால் மற்றவர்களுக்கெல்லாம் கிடைக்கும், விட்டுவிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், விட்டுவிடு என்று நானே சொல்லியிருப்பேன். நான் கொடுத்ததாக இருந்திருக்கும். பாஞ்சாலை அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் தங்கையும் நானும்தான் என்று மார்தட்டியிருப்பேன்.

என் கதையைச் சொல்ல என்னைக் கேட்டாய். என் பங்கை விட்டுக்கொடுக்க என்னைக் கேட்கவில்லை.

தம்பி என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான். நீ என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டாய். அவன் தன் பிள்ளைக்காகச் செய்தான், நீ ஊர்ப் பெண்களுக்காகச் செய்தாய். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தறியில் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள் நான்.

பொங்கலுக்கு வராதே. காவ்யாவுக்கு நீ எழுது, அவள் பதில் போடுவாள். தடுக்க மாட்டேன். அவளும் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். படிக்கட்டும்.

எனக்கு மட்டும் கொஞ்ச காலம் எழுதாதே. கடிதம் வந்தால் பதில் எழுதத் தோன்றுகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. சேலையில் சொட்டினால் பட்டில் கறை நின்றுவிடும்.

குணசுந்தரி